மலையேறும் மோட்டார் சைக்கிளும் ஒரு புத்தகமும்



பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பம்பு அடித்தால் மண்ணெண்ணெய் மேலே ஏறும். சூட்டில் ஆவியாகும். ஒரு சின்ன ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வரும். காற்றோடு கலந்து, வெள்ளை வெளேர் என்று எரியும். ஓட்டையில் தூசி அடைத்தால் விளக்கு மங்கும். காற்று போகும் வழி அடைத்தால் குப்பென்று புகை கிளம்பும்.

எண்ணெய் தனியாக எரியாது. காற்று வேண்டும். அதுவும் சரியான அளவில் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்ப ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் பெயர் கார்புரேட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் வண்டி ஓடுவதும் ஓடாததும் அதன் கையில்தான்.

எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய, ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு எடை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் மிகக் குறைவு. அதனால் 15 கிலோ காற்று நிறைய இடத்தை அடைக்கும். கணக்குப் போட்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று ஆகிறது. ஒரு பாட்டில் பெட்ரோலுக்கு ஒரு தண்ணீர் லாரி நிறையக் காற்று!

இந்தக் காற்றை எஞ்சினே இழுத்துக்கொள்கிறது. பெட்ரோலை யார் ஊற்றுகிறார்கள்? யாரும் இல்லை. காற்றே இழுத்துக்கொண்டு போகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு காகிதத் துண்டுகளை முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் வேகமாக ஊதுங்கள். காகிதங்கள் விலகும் என்றுதான் நினைப்பீர்கள். விலகாது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்று காகிதங்களை உள்ளே தள்ளுகிறது.

பெர்னூலி என்ற அறிஞர் 1738ல் இதைப் புத்தகமாக எழுதினார். பெரும்பாலும் நீரைப் பற்றித்தான் எழுதினார். காற்றுக்கும் அது பொருந்தும். பிறகு இத்தாலியில் வெஞ்சூரி என்பவர், நடுவில் ஒடுங்கிய குழாயில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. 1797ல் அவர் அதை வெளியிட்டார். கார்புரேட்டரின் உள்ளே அந்த ஒடுங்கிய குழாய்தான் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பெட்ரோல் மேலே வந்து, புகைபோலச் சிதறும். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. 1893ல் ஜெர்மனியில் மேபாக் என்பவர் இப்படிச் சிதறும் கார்புரேட்டரைச் செய்தார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் இதே வேலையைச் செய்தார்கள்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்குமே, அதைப் போல. தொட்டி நிறைந்தால் பந்து குழாயை மூடும். குறைந்தால் திறக்கும். இங்கும் அதேதான்.

சரி. இனி ஒரு மெக்கானிக்கின் கதைக்கு வருவோம். இது கற்பனைக் கதை. ஆனால் ஊரும் மலையும் வண்டியும் கற்பனை அல்ல.

இமாசலப் பிரதேசத்தில் மணாலி என்ற மலை ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து வடக்கே லடாக்கின் லே நகருக்கு ஒரு சாலை போகிறது. பல காலம் அது ராணுவச் சாலையாக இருந்தது. 1989ல் பொதுமக்களுக்கும் திறந்தார்கள். அதன் பிறகு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் பலர் ஓட்டியது புல்லட். 1955 முதல் நம் சென்னையில் செய்த வண்டி அது.

மணாலியில் ஒரு சிறு பட்டறை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை, ஒரு மர பெஞ்சு, எண்ணெய்க் கறை படிந்த தரை. அங்கே ஒரு வயதான மெக்கானிக். எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்பார்கள். குரு என்று பொருள். அவரிடம் ஓர் இளைஞன் வேலை பார்த்தான். பத்து வயதில் வந்தவன். இப்போது இருபத்திரண்டு வயது. இருவருக்கும் எழுத்துத் தெரியாது.

உஸ்தாத்துக்குக் காதுதான் எல்லாம். வண்டி தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவார். "இதுக்கு வால்வு இடிக்குது." "இதுக்கு செயின் தளர்ந்துபோச்சு." பெரும்பாலும் சரியாக இருக்கும். இளைஞனும் அவரைப் பார்த்துத்தான் தொழில் பழகினான்.

கார்புரேட்டருக்கு இருவரும் செய்தது ஒரே வைத்தியம். பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். ஏர் ஸ்க்ரூ என்பார்கள். அதைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே திருப்புவார்கள். எஞ்சின் சீராகத் துடிக்கும் இடத்தில் விடுவார்கள். மணாலிக்குள் ஓடும் வண்டிகளுக்கு அது போதுமாக இருந்தது.

லடாக் போகிறவர்களுக்குத்தான் போதவில்லை. கணவாய் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம். ப்ளக்கைக் கழற்றினால் கரி. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்கு அபூர்வம். பெட்ரோல் தீர்ந்துபோனால் குளிரில் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். இளைஞன் திருகைத் திருப்பித் தருவான். சும்மா நிற்கும்போது எஞ்சின் அழகாக ஓடும். மேலே போனால் மறுபடியும் அதே கதை. "காசு வாங்கிக்கிட்டு ஏமாத்துறான்" என்று ஒருவர் கத்தினார். அது அவனுக்குச் சுட்டது. அவன் ஏமாற்றவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் இரவுப் பள்ளி நடந்தது. பனி கொட்டினால் பட்டறையில் வேலை இருக்காது. இளைஞன் படிக்கப் போனான். இந்தி எழுத்துகளைக் கற்றான். முதலில் கடைப் பலகை, பிறகு பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர், பிறகு செய்தித்தாளில் பெரிய எழுத்து. வசந்தம் வந்தபோது, டில்லிக்குப் போகும் லாரி டிரைவரிடம் காசு கொடுத்து அனுப்பினான். டில்லியில் நயி சடக் என்ற தெரு முழுவதும் புத்தகக் கடைகள். அங்கிருந்து ஒரு பழைய புத்தகம் வந்தது. ஐ.டி.ஐ. மாணவர்கள் படிக்கும் மோட்டார் மெக்கானிக் புத்தகம். அட்டை கிழிந்திருந்தது.

உஸ்தாத் அதைப் பார்த்துச் சிரித்தார். "காது இருக்கும்போது காகிதம் எதுக்கு பேட்டா?"

முதல் வாரம் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. ஒரு வரி படிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. தெரியாத வார்த்தைகள். 'அழுத்த வேறுபாடு' என்று ஒரு சொல். அது என்ன? இரவுப் பள்ளி ஆசிரியரைக் கேட்டான். அவருக்கு வார்த்தை தெரிந்தது. கார்புரேட்டர் தெரியாது. அவனுக்குக் கார்புரேட்டர் தெரிந்தது. வார்த்தை தெரியாது. இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தைப் படித்து முடித்தார்கள்.

பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். உதவாத பழைய கார்புரேட்டர் ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. அதை முழுக்கப் பிரித்துக் கழுவினான். புத்தகத்தில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பாகமாக வைத்தான். இது மிதவை. இது ஸ்லைடு. இது ஊசி. இது மெயின் ஜெட். படத்தில் அம்புக்குறி காட்டிய துளையில் வாயால் ஊதினான். எந்த வழியாகக் காற்று வெளியே வருகிறது என்று விரல் வைத்துப் பார்த்தான். அது காய்ந்து கிடந்த பழைய பாகம். பெட்ரோல் உள்ள பாகத்தில் யாரும் வாய் வைக்கக் கூடாது. குழாயை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சவும் கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஒரு நாள் ஒரு பக்கத்தில் வந்து நின்றான். அங்கே ஒரு கட்டம் போட்டிருந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினால், கார்புரேட்டரின் எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று அந்தக் கட்டம் சொன்னது. சும்மா நிற்கும்போதும், ஆக்சிலேட்டரைச் சிறிதளவே திருகும்போதும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் வேலை செய்யும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியின் வேலை. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்.

அவன் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தான். பன்னிரண்டு வருடமாகத் திருப்பிய திருகு, கால் பங்கு வரைக்கும்தான்! மலை ஏறுகிறவன் கால் பங்கிலா ஓட்டுவான்? முழுக்கத் திருகிப் பிடித்திருப்பான். அப்போது அந்தத் திருகு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

அவன் ஒரு வண்டியின் கைப்பிடியில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டான். கால், அரை, முக்கால், முழுசு. வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தான். எந்தக் கோட்டில் எஞ்சின் திணறுகிறது என்று கவனித்தான். நோய் எந்த உறுப்பில் என்று அப்போது தெரிந்தது.

மலை மேலே ஏன் திணறுகிறது? அதையும் புத்தகம் சொன்னது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மலை ஏறும் மனிதனுக்கு மூச்சு வாங்குகிறதே, அதே காரணம்தான். லே போகும் வழியில் டாங்லாங் லா என்ற கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலான உயரம். கடற்கரையில் நூறு பங்கு காற்று இருக்கும் இடத்தில் அங்கே அறுபது பங்குதான் இருக்கும். ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஓட்டை அதே ஓட்டைதானே! அதனால் பெட்ரோல் கூடிப்போகிறது. முழுதாக எரிவதில்லை. கறுப்புப் புகையும் கரியும் அதனால்தான்.

இதற்கு என்ன செய்யலாம்? மெயின் ஜெட் என்பது பித்தளைத் திருகு. நடுவில் நுண்ணிய துளை. மேலே ஒரு எண் பொறித்திருக்கும். எண் சிறிதானால் பெட்ரோல் குறையும். 110 இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 105 அல்லது 100 போடலாம். ஊசியின் தலையில் சில வரிப்பள்ளங்கள் உண்டு. ஒரு பள்ளத்தில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினால் ஊசி கீழே இறங்கும். அப்போதும் பெட்ரோல் குறையும்.

ஜெட் அடைத்துக்கொண்டால் பெட்ரோமாக்ஸுக்குக் குத்துவது போலக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது. துளை பெரிதாகிவிடும். பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பெட்ரோலில் கழுவி, பம்பால் காற்று அடித்தால் போதும். பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கவே கூடாது.

அந்தக் கோடையில் அவன் ஜெட் மாற்றிக் கொடுத்த வண்டிகள் கணவாயைத் தாண்டின. பழைய பலம் முழுதும் வரவில்லை. காற்றே குறைவு, பலம் எப்படி வரும்? ஆனால் புகை இல்லை. திணறல் குறைந்தது. அவன் பேர் பரவியது.

அப்போதுதான் ஒரு தவறு நடந்தது.

ஒருவர் லடாக் போய்த் திரும்பினார். நேராகத் தம் ஊருக்குப் போய்விட்டார். சண்டிகர் தாண்டி வெயிலில் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினார். எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் உருகித் தேய்ந்திருந்தது. மலைக்குப் போட்ட சிறிய ஜெட், சமவெளியில் அப்படியே இருந்துவிட்டது. கீழே காற்று அடர்த்தி. பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் கூடினால் புகைதான் வரும், காசு போகும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சினே போய்விடும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்து கொதிக்கும்.

அவர் ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்கு வந்தார். உருகிய பிஸ்டனை பெஞ்சின் மேல் வைத்தார். கத்தவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

இளைஞனுக்குப் பதில் வரவில்லை. இந்த ஆபத்தும் புத்தகத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில். அவன் மலை ஏறும் பக்கத்தைப் படித்தான். இறங்கும் பக்கத்தைப் படிக்கவில்லை. பிஸ்டனுக்குப் பாதி விலையை அவனே கொடுத்தான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஜெட் மாற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு எழுதுவான். பழைய ஜெட்டின் எண், புதிய ஜெட்டின் எண், கிளிப் இருந்த பள்ளம். கழற்றிய ஜெட்டைக் காகிதத்தில் மடித்து, சீட்டோடு சேர்த்து வண்டிக்காரர் கையில் கொடுப்பான். "கீழே வந்ததும் முதலில் இதை மாட்டுங்க." தன் நோட்டிலும் ஒரு படி எழுதிக்கொள்வான். எழுதப் பழகியது இரவுப் பள்ளியில். அதற்கு வேலை கிடைத்தது பட்டறையில்.

உஸ்தாத் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை, "அந்தக் கட்டத்தைப் படி, கேட்போம்" என்றார். இளைஞன் படித்தான். கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "இதெல்லாம் புது கார்புரேட்டருக்குச் சொல்றான்" என்றார்.

"என்ன உஸ்தாத் சொல்றீங்க?"

"நம்ம கிட்ட வர்றது இருபது வருஷ வண்டி. ஊசி தேய்ஞ்சிருக்கும். ஸ்லைடு ஆடும். எஞ்சினும் கார்புரேட்டரும் சேரும் இடத்துல காற்று ஒழுகும். அதை உன் புத்தகம் எங்கே சொல்லுது? முதல்ல ஒழுகலைப் பாரு. அப்புறம் ஜெட்டைத் தொடு."

அவர் சொன்னது உண்மை. காற்று ஒழுகும் வண்டிக்கு எந்த ஜெட்டைப் போட்டாலும் சரிவராது. இளைஞன் அதையும் நோட்டில் எழுதினான். உஸ்தாத் சொன்னது என்று மேலே குறித்துக்கொண்டான்.

புத்தகத்துக்கும் வயது உண்டு, நண்பர்களே. எந்த ஆண்டில் அச்சானது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய புத்தகம், ப்ளக் காபி நிறத்தில் இருந்தால் கலவை சரி என்று சொல்லும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலம். 2000ஆம் ஆண்டில் அந்தப் பெட்ரோலை நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது நிறம் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. இன்னொன்று, இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும். பழைய ஜெட்டோடு ஓடும் வண்டிக்கு இந்தப் பெட்ரோலில் கலவை சற்று மெலிந்துபோகும். பழைய புத்தகத்தில் இது இருக்காது.

திருகிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கார்புரேட்டரில் அந்தத் திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அது காற்றுத் திருகு. உள்ளே திருகினால் காற்று குறையும், பெட்ரோல் கூடியதாக ஆகும். வேறு சிலவற்றில் எஞ்சின் பக்கம் இருக்கும். அதை உள்ளே திருகினால் பெட்ரோல்தான் குறையும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. வேலை நேர் எதிர். எது என்று தெரிந்துகொண்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகே தொட வேண்டும். மெதுவாக உள்ளே முழுக்கத் திருகி, பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்கலாம். பல வண்டிகளுக்கு அங்கிருந்து தேடத் தொடங்கலாம். இறுக்கி முடுக்கினால் முனை கெட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யும்போது கதவு திறந்திருக்கட்டும். மூடிய அறையில் அந்தப் புகை ஆளைக் கொல்லும். அதில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. அதன் பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக இல்லை. கம்ப்யூட்டர் சில்லு காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. மலை ஏறினால் தானே குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் பழைய வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. மருந்து தெளிக்கும் மெஷினிலும் சிறு ஜெனரேட்டரிலும் இன்னும் கார்புரேட்டரைப் பார்க்கலாம்.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் பனி கொட்டியது. பட்டறையில் வேலை இல்லை. உஸ்தாத் ஒரு டப்பா நிறைய ஜெட்டுகளைப் பெஞ்சில் கொட்டினார். "எழுத்தெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். "இதுல போட்டிருக்கிற எண்ணை மட்டும் சொல்லிக்கொடு."

இளைஞன் சாக்குக்கட்டியால் தரையில் எழுதினான். 1. 0. 5. கிழவர் விரலால் அதன் மேலேயே எழுதிப் பார்த்தார். பிறகு ஒரு ஜெட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணை இடுக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"நூத்தி அஞ்சு" என்றார்.

"சரி, உஸ்தாத்."

அவர் அதைத் தனியே வைத்துவிட்டு, அடுத்த ஜெட்டை எடுத்தார்.